வழி விட்டவர்

ஜூன் 18, புதன்

இன்றைக்கும் பழங்காநத்தம் ரவுண்டானாவில் வண்டி அணைந்துவிட்டது. மூன்றாவது கியரில் கிளப்பியிருக்கிறேன், அப்புறம்தான் தெரிந்தது. பின்னால் ஒரு டவுன் பஸ், இரண்டு ஷேர் ஆட்டோ, எண்ண முடியாத அளவுக்கு டூ வீலர். எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் ஹாரனுக்குப் போனது. பஸ் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏம்மா, வீட்ல சமையலெல்லாம் முடிஞ்சிருச்சா?" என்றார். பைக்கில் நின்ற பையன்கள் சிரித்தார்கள்.

அதைவிட மோசம் பக்கத்து சீட். ஹரிராம். (பெயர் சொல்லி எழுத இந்த நோட்டில்தான் துணிச்சல் வருகிறது.) பிப்ரவரியில் கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவர் வலிப்பு வந்து விழுந்தார். ஒரு வருடம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நாற்பத்திரண்டு வயதில் நான் கார் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் கைக்கு வந்து பதினொரு வாரம். காலையில் திருநகரில் கிளம்பி அவரைத் தெற்குவாசலில் இறக்கிவிட்டு, மறுபடி பசுமலைக்கு, என் பள்ளிக்கு. சாயங்காலம் திரும்ப அதே.

இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் இடதுபக்கம் உட்கார்ந்தால் எப்படி இருப்பார்? வலது காலால் தரையை மிதிக்கிறார். ஆட்டோக்காரரைத் திட்டுகிறார், பால்காரரைத் திட்டுகிறார், சிக்னலைத் திட்டுகிறார். நான் ஹாரன் அடிக்கவில்லை என்றால் கையை நீட்டி அவரே அடித்துவிடுகிறார். வீட்டில் நாங்கள் பேசுவது எங்கள் சௌராஷ்டிர பாஷை. ரோட்டில் மட்டும் அவருக்குத் தமிழ். "திட்டுறது அவனுக்குப் புரியலேன்னா என்ன பிரயோஜனம்?" என்பார்.

ஜூன் 19, வியாழன்

வண்டி அணைவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அவர் வாய் குறையவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

மகள் காவ்யஸ்ரீயைப் பார்க்கத் தேனிக்குப் போனோம். ஹாஸ்டலுக்குப் போன மூன்று வாரத்தில் பிள்ளை இளைத்துவிட்டாள் என்று அவருக்கு ஒரே கவலை. காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது, ஒன்பதேகால் ஆகிவிட்டது. அதிலேயே கடுகடுப்பு.

கருமாத்தூர் தாண்டி ஒரு எக்ஸெல் வண்டி முன்னால் போனது. ஓட்டியவர் நடுத்தர வயது. பின்னால் அவர் மனைவி, மடியில் ஒரு சாக்கு. மெதுவாகத்தான் போனார்கள். அந்த மனிதர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு இடது ஓரமாக ஒதுங்கினார். வலது கையை நீட்டி, போங்க போங்க என்று காட்டினார். எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. நான் முந்தவில்லை. பஸ் போகட்டும் என்று பின்னாலேயே போனேன். அவர் மறுபடி கையைக் காட்டினார்.

"அவனே போகச் சொல்றான், நீ எதுக்கு ஊர்வலம் போற?" என்றார் இவர். என்றவர் கையை நீட்டி ஹாரனை அழுத்தினார். அழுத்தியவர் எடுக்கவில்லை.

அந்த மனிதர் பதறிப்போனார். எங்களுக்கு ஏதோ அவசரம் என்று நினைத்தாரோ என்னவோ – இன்னும் இடது பக்கம் ஒடித்தார். தார் விளிம்பில் ஒரு சாண் பள்ளம். முன் சக்கரம் இறங்கியது. இரண்டு பேரும் விழுந்தார்கள்.

நான் பிரேக்கில் காலை வைத்தேன். வைத்தேன். அது நிச்சயம்.

"நிக்காத. போ. கூட்டம் கூடிரும். நாம இடிக்கல. போ ப்ரியா."

காலை எடுத்துவிட்டேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அந்த அம்மா ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். சாக்கு கிழிந்து ஏதோ சிதறியிருந்தது. அந்த மனிதர் எழுந்து நின்று எங்கள் வண்டியையே பார்த்தார். கத்தவில்லை. நிற்போம் என்று நினைத்திருப்பார்.

தேனியில் பிள்ளையோடு பிரியாணி சாப்பிட்டோம். அவள் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். திரும்பி வரும்போது அதே இடம். யாரும் இல்லை. ரோட்டில் கொஞ்சம் நிலக்கடலை கிடந்தது.

ஜூன் 23, திங்கள்

பேப்பரில் மூன்றாம் பக்கம், ஐந்தாம் பக்கம், உள்ளூர்ச் செய்தி எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. இல்லாதது நல்லதா, கெட்டதா?

எட்டாம் வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு முறை போட்டேன். இரண்டாம் முறை தப்பாக.

ஜூன் 25, புதன்

ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டே விட்டேன். "அந்தம்மாவுக்கு என்ன ஆச்சோ?"

"எந்தம்மா?"

தெரியாத மாதிரி கேட்கிறார். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்.

"நாம இடிச்சோமா ப்ரியா?"

"இல்ல."

"நம்ம வண்டி அவங்க மேல பட்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? ரோட்ல தினமும் நூறு பேர் விழறான். ஹாரன் எதுக்கு வெச்சிருக்கான் வண்டியில? அடிக்கறதுக்குத்தானே?"

ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். மொத்தமாகச் சேர்த்தால் எங்கேயோ தப்பு வருகிறது. பதினெட்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறேன், எந்த வரியில் தப்பு என்று சுட்டிக்காட்டத் தெரியவில்லை.

ஜூன் 28, சனி

பொய் சொல்லிவிட்டுப் போனேன். ஆசிரியர் பயிற்சி என்று. ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறி, அந்த இடத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். ஒரு டீக்கடை. டீ போட்டவரிடம் பேச்சுக் கொடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே யாரோ வண்டியிலிருந்து விழுந்தார்களாமே என்று, ஏதோ கேள்விப்பட்டவள் மாதிரி ஆரம்பித்தேன்.

"அது நம்ம கருப்பு தாம்மா. தண்ணியப் போட்டுட்டு ஓட்டியிருக்கான். பொண்டாட்டி கைய ஒடிச்சுப்புட்டான் பாவி. அது நல்ல புள்ள. பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குது. தங்கப்பொண்ணுன்னு பேரு. அண்ணந்தம்பி வந்து கையோட கூட்டிட்டுப் போயிட்டாக. இனிமே அனுப்ப மாட்டமுன்னுட்டாக."

"குடிச்சிருந்தாரா?"

"அவென் குடிக்காம இருந்தாத்தேன் அதிசயம். ரெண்டு வருசமா விட்டுட்டேன் விட்டுட்டேன்னு சொன்னான். எங்க விட்டான்? இல்லாட்டி வெறும் ரோட்ல எவனாச்சும் விழுவானா?"

வெறும் ரோடு.

டீ நாக்கைச் சுட்டது. அப்படியே குடித்தேன். நான்தான், எங்கள் கார்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். "பயிற்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். நல்லா இருந்தது என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

குடிக்கவில்லை. எனக்குத் தெரியும். குடித்தவன் கண்ணாடி பார்த்து ஒதுங்குவானா? எதிரே பஸ் வருவது தெரிந்து, பின்னால் இருப்பவளுக்கு இரண்டாம் முறை கை காட்டுவானா? அவ்வளவு பதமாக வழி விட்ட ஒரு ஆளை இந்த மூன்று மாதத்தில் மதுரைக்குள் நான் பார்த்ததே இல்லை.

விழுந்தவர்களைத் தவிர, இது தெரிந்தது உலகத்தில் இரண்டே பேருக்கு. ஒருத்தர் மறந்துவிட்டதாக நடிக்கிறார். இன்னொருத்தி டைரி எழுதுகிறாள்.

ஜூலை 3, வியாழன்

காளவாசல் பக்கம் போக வேண்டியிருந்தது. பள்ளிக் குழந்தைகள் ரோட்டைக் கடக்கிறார்கள் என்று நிறுத்தினேன். பின்னால் வந்தவன் காரை என் பக்கத்தில் கொண்டுவந்து, கண்ணாடியை இறக்கி, எழுத முடியாத ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். நெற்றியில் திருநீறு, நல்ல சட்டை. வீட்டில் யாருக்கோ அப்பா.

இவர் அவனை விடாமல் திட்டிக்கொண்டே வந்தார். "மரியாதை தெரியாதவன். பொம்பளை ஓட்டறான்னு தெரிஞ்சும்..." நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

ஜூலை 5, சனி

கருப்புவின் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலே போனேன்.

ஊருக்குள் நுழைந்து மூன்றாவது தெரு. ஓட்டு வீடு. மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். முழங்கையில் ஆறிய காயம். என்னைப் பார்த்ததும் ஏதோ சர்வே எடுக்க வந்தவள் என்று நினைத்து, "வீட்ல பொம்பளையாளு இல்லம்மா, பெறகு வாங்க" என்றார்.

"நான்... அன்னிக்கி அந்தக் கார் ஓட்டினது நான்தாங்க."

கையைத் தவிட்டிலிருந்து எடுக்காமல் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். கத்துவார் என்றாவது நினைத்தேன்.

"வெள்ளைக் காரா?"

"ஆமா."

"ஒரு பொம்பளையாளு ஓட்டுனாகன்னு நானும் சொன்னேன். ஒருத்தனும் நம்பல." கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "ஆசுபத்திரி ஏதும் போனீகளா? அம்புட்டு அவசரமா அடிச்சீகளேன்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள யாருக்கோ முடியல போலன்னு."

இதற்கு நான் என்ன சொல்ல? இல்லைங்க, மகளோடு பிரியாணி சாப்பிடப் போனோம் என்றா?

அவசரம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். மாடுதான் தவிட்டுத் தண்ணியை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"ஹாரன் அடிச்சது கூடப் பெரிசில்லம்மா. ரோடுன்னா அடிக்கத்தேன் செய்வாக. நிக்காமப் போனீக பாருங்க. நீங்க நின்னிருந்தா, ஆமப்பா எங்களாலதேன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா, எம் பொழப்பு இப்பிடி ஆயிருக்காது. ரெண்டு வருசம் நாலு மாசம் ஆச்சு, நான் தொட்டு. அன்னிக்கி அவ அண்ணந்தம்பி ரெண்டு பேரும் வந்து எம் வாயை மோந்து பாத்தாக. ஊருக்கு முன்னால. காயத்துக்குப் போட்ட மருந்து வாடைதேன் அடிச்சிருக்கும். அதையும் சாராயமுன்னுட்டாக."

"அவங்க சொல்லலையா? உங்க வீட்டம்மா?"

"சொன்னா. கார் ஹாரன் அடிச்சுச்சுன்னு சொன்னா. ரோட்ல ஆயிரம் காரு அடிக்குது, எல்லாருமா விழுறாகன்னு அவ அண்ணன் கேட்டுட்டாரு. பெறகு அவளுக்கே சந்தேகமாப் போச்சு. போன் போட்டு எங்கிட்டயே கேக்குறா, 'நெசமாச் சொல்லு, குடிச்சியா?'ன்னு." சிரித்தார். பார்க்க முடியாத சிரிப்பு. "பின்னாடி உக்காந்திருந்தவம்மா அவ. ஒரு சாண் தூரம். அவளுக்கே தெரியலேன்னா..."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? எனக்குத்தேன் தெரியுமே. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க."

தங்கப்பொண்ணுவின் அண்ணன் தம்பி இருவரும் இருக்கும் ஊரைச் சொன்னார். உசிலம்பட்டிக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டர். போகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்?

ஜூலை 6, ஞாயிறு

எல்லாம் கொட்டிவிட்டேன். டீக்கடை, தவிடு, வாயை மோந்து பார்த்தது, எல்லாம். ஹரிராம் எழுந்து கதவைச் சாத்தினார். அக்கம்பக்கத்துக்குப் புரியாத பாஷையில்தான் சண்டை, ஆனாலும் சாத்தினார்.

"உனக்குப் பைத்தியமா? யாரைக் கேட்டுட்டுப் போன? அவன் போலீசுக்குப் போனா? நிக்காமப் போன கேஸ் உன் பேர்ல வரும், தெரியுமா? லைசென்ஸ் வாங்கி மூணு மாசம். ஸ்கூல்ல என்ன சொல்வாங்க?"

"வரட்டும்."

"அடிச்சது நான். உனக்கென்ன வந்துச்சு?"

"கை உங்களது. கால் என்னோடது. நின்னிருக்கணும். நிக்கல. அது என் காலுங்க, உங்க கால் இல்ல."

இதைச் சொன்னபிறகுதான் எனக்கே புரிந்தது. இரண்டு வாரமாக அவர் மேலேயே கோபமாக இருந்தேனே, அது ஒரு சௌகரியம். போ என்று அவர் சொன்னார். போனது யார்?

அடுத்த ஞாயிறு போகிறேன், நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் என்றேன். அவர் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

ஆட்டோவில் கடைக்குப் போகிறார். பேச்சில்லை. காரில் நான் மட்டும். எவ்வளவு அமைதி! ஆனாலும் பழங்காநத்தத்தில் இடது பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். யாராவது திட்ட மாட்டார்களா என்று இருக்கிறது. என்ன ஜென்மமோ.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் அவராக வந்து சமையல்கட்டில் உட்கார்ந்தார். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார், தெரியும்.

"அந்த சீட்ல உக்கார முடியல ப்ரியா."

"எந்த சீட்ல?"

"இடது பக்கம். கால் பிரேக்கைத் தேடுது, கிடைக்க மாட்டேங்குது. எவனாவது முன்னால போனா, நீ போயிட்டேடா, உன் கதை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போற மாதிரி இருக்கு. எக்ஸெல் வண்டியில போறவன் கூட." ஒரு வெண்டைக்காயை எடுத்து உருட்டினார். "கடையில அன்னிக்கி விழுந்தப்ப சுத்தி நின்னு எல்லாரும் பார்த்தாங்களாம். எனக்கு ஒண்ணும் தெரியாது. வேட்டி விலகிக் கிடந்துச்சுன்னு அப்புறம் கடைப் பையன் சொல்லித்தான் தெரியும். அதுக்கப்புறம் யார் என்னைப் பார்த்தாலும்..."

முடிக்கவில்லை.

இத்தனை மாதத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. மாத்திரை, ஸ்கேன், டாக்டர் தேதி, இதெல்லாம்தான் பேசியிருக்கிறோம். நான் கத்தியை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையெல்லாம் வெண்டைக்காய்ப் பிசுபிசுப்பு. அவர் கையை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பற்றி இருவரும் பேசவில்லை.

ஜூலை 12, சனி

போவேன். போவேன். போலீஸ் வந்தால் வரட்டும். – இல்லை, பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஏழு மணிக்குச் சாவியை எடுத்தேன். அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார். உசிலம்பட்டி வரை ஒரு வார்த்தை இல்லை. கையை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து இடுக்கிக்கொண்டு வந்தார், குளிர்கிற மாதிரி.

தங்கப்பொண்ணுவின் அண்ணன் அழகுமலை, தம்பி ஜெயபாண்டி. தம்பிதான் வீட்டில் இருந்தான். கருப்பு விஷயமாக வந்திருக்கிறோம் என்றதும், "அண்ணே மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிருக்காரு. அவரு வரணும். நில்லுங்க" என்றான். உட்காரச் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் நின்றோம். அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி. போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். சிக்னலில் அறுபது நொடி நிற்க மாட்டாதவர் ஒன்றரை மணி நேரம் நின்றார். இரண்டு முறை வாட்சைப் பார்த்தார். அப்புறம் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அழகுமலை வந்தார். புல்லுக்கட்டை இறக்கிவிட்டுக் கேட்டார்: "என்ன?"

நான் ஆரம்பித்தேன். அன்றைக்கு, கருமாத்தூர் தாண்டி, உங்கள் தங்கையும் மச்சானும், எங்கள் கார் – எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது.

அவர் குறுக்கே புகுந்தார். "கருப்பு சொல்லிவிட்டு வந்தீகளாக்கும்? நல்லா டவுன்ல ஆளப் புடிச்சிருக்கான். கார்ல வந்து சாட்சி சொல்றாகளா? அவென் குடிகாரப்பய. எங்க தங்கச்சிய நாங்க அனுப்பறதா இல்ல. கெளம்புங்க."

"அவர் குடிக்கலைங்க," என்றார் ஹரிராம். "ஹாரன் அடிச்சது நான். வண்டி ஓட்டினது என் சம்சாரம். அடிச்சது நான். விடாம அடிச்சேன். எனக்கு வழி விடறதுக்காகத்தான் அவர் கீழ இறங்கினார். நிறுத்தப் போனாங்க இவங்க. நான்தான் போன்னு சொன்னேன்."

ஜெயபாண்டி பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்தான். இரண்டு பொத்தான் தெறித்தது. "பொட்டப்புள்ள கை ஒடிஞ்சு கெடந்துச்சு, பாத்துட்டாடா போனீங்க?" நான் நடுவில் போனேன். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மறுபடி வலிப்பு வந்துவிட்டால்? இவர் கையைத் தூக்கவில்லை. இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தது. "ஆமா. பார்த்துட்டுத்தான் போனோம்" என்றார்.

"விட்றா."

உள்ளேயிருந்து தங்கப்பொண்ணு வந்தார். என் வயதுதான் இருக்கும், கொஞ்சம் குறைவாகவே இருக்கும். வலது கையில் மாவுக்கட்டு, கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்டிருந்தது. தம்பி கையை எடுத்தான். அவர் என்னை மட்டும் பார்த்தார்.

"நான் விழுந்தது கண்ணாடியில தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"உக்காந்திருந்தேனே, அது?"

"அதுவும்."

"ம்." கட்டுப் போட்ட கையை இடது கையால் தாங்கிக்கொண்டார். அப்புறம், "அவரு கையக் காட்டுனாரா? ஒதுங்கி, போங்கன்னு?"

"ரெண்டு தடவை காட்டினார். எதிர்ல பஸ் வந்துச்சுன்னு நான் போகல. அவ்வளவு நிதானமா வழி விட்டார். இவ்வளவு நல்லா ஓட்டறவரை நான் பார்த்ததில்லைங்க."

தங்கப்பொண்ணு அண்ணன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியாண்ணே?"

அழகுமலை புல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்தார். அந்த அம்மா அங்கேயே நின்றபடி அழுதார். கண்ணைத் துடைக்க வலது கை வரவில்லை. இடது கையால் முந்தானையைத் தேடினார். நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். வேண்டாம் என்கிற மாதிரி பார்த்தார். நின்றுவிட்டேன்.

"வந்து சொன்னீக. சரி. சோறு தின்னுட்டுப் போங்கன்னு என்னால சொல்ல முடியாது," என்றார். "போயிட்டு வாங்க."

என் போன் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். போலீசுக்குப் போக வேண்டும் என்றாலும் இதுதான் நம்பர் என்றேன். ஜெயபாண்டி வாங்கிக்கொண்டான்.

திரும்பும்போது செக்கானூரணியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். முகம் கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன்.

ஜூலை 14, திங்கள்

சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். அதே கலரில் கிடைக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஒரு வாரம். போன் இல்லை. ஒவ்வொரு தெரியாத நம்பரையும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். முக்கால்வாசி கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்கள்.

அவர் மறுபடி காரில் வருகிறார். நேற்று ஷேர் ஆட்டோ ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. "டேய்..." என்று ஆரம்பித்துவிட்டார். முழுதாக மாறிவிட்டார் என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வார்த்தையோடு நின்றுவிட்டது.

ஜூலை 26, சனி

கருப்புவைப் போய்ப் பார்க்கலாமா? போய் என்ன கேட்பது? மனைவி வந்தாளா என்றா? வரவில்லை என்றால் எந்த முகத்தோடு நிற்பேன்? நாம் சொல்லிவிட்டோம், நம் வேலை முடிந்தது என்று இருக்க முடியவில்லை. சொன்னதால் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறேனோ? அதுவும் ஒரு அவசரம்தானோ?

காவ்யாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னோம். அவர்தான் சொன்னார், ஸ்பீக்கரில் போட்டு. அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "அன்னிக்கி நான் உங்களுக்கு எக்ஸ்ட்ரா லெக் பீஸ் வாங்கிக் குடுத்தேன்ப்பா" என்றாள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மதிய இடைவேளையில் தெரியாத நம்பர். எடுத்தேன்.

"நாந்தேன், தங்கப்பொண்ணு."

பின்னால் பிள்ளைகள் சத்தம், தட்டுகள் உருளும் சத்தம். பள்ளிக்கூடத்திலிருந்து பேசுகிறார் என்று புரிந்தது. எனக்குப் பின்னாலும் அதே சத்தம்தான்.

"கட்டுப் பிரிச்சாச்சு. சட்டி தூக்க இன்னும் ஆகல. காய் மட்டும் அரியிறேன்."

"வலி இருக்கா?"

"மழைக்கு வலிக்குமுங்குறாக, பாக்கணும்." நிறுத்தினார். "போன வெள்ளிக்கெழமையே வந்துட்டேன். அவருதேன் வந்து கூட்டிட்டு வந்தாரு. அண்ணே பஸ்டாண்டு வரைக்கும் வந்துச்சு, அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துச்சு. சொல்லணும்னு தோணுச்சு. அம்புட்டுத்தேன். வைக்கிறேன்."

வைத்துவிட்டார். நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போகாமல் மாடிப்படியிலேயே மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "டீ வாங்கிக் குடுத்தாரா?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேனிக்குப் போய்விட்டு வந்தோம். காவ்யா இந்தத் தடவை கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசினாள்.

போகும்போது நாகமலை தாண்டியதுமே வைக்கோல் லாரி ஒன்று. ரோட்டின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு முப்பதில் போனது. மேலேயிருந்து வைக்கோல் பிரிந்து பிரிந்து பறந்தது. முந்திவிடலாமோ என்று இரண்டு இடத்தில் தோன்றியது. வளைவாக இருந்தது, விட்டுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக எங்களையும் லாரியையும் சேர்த்துத் தாண்டிப் போனார்கள். செக்கானூரணி வந்தது, போனது. லாரியும் முன்னால் போய்க்கொண்டுதான் இருந்தது.

இடது பக்கம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சைக் கவனித்தேன். ஒன்றுமில்லை, வெறும் தூக்கம்தான்.

கருமாத்தூர் பக்கம் ஒரு குழியில் வண்டி குலுங்கியது. கண்ணைத் திறந்தார்.

"வந்தாச்சா?"

"இல்ல. லாரி பின்னாடி போயிட்டிருக்கோம்."

"சரி" என்று சொல்லி, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.